நாலு செக்கன்

ஆறு நெம்புகோல் இருந்த இடத்தில்
இப்போது இரண்டுதான்.
கலவையைக் கூட்டுவது குறைப்பது,
விசிறியின் கோணத்தைத் திருத்துவது,
எல்லாவற்றையும் எங்கேயோ உள்ளே
ஒரு சின்னக் கணினி பார்த்துக்கொள்கிறது.

"இது விமானமா, மைக்ரோவேவா?"
கன்ரீனில் குரூஸ் கேட்டான்,
வாயில் பாதி மாலுபணிஸ்.
"பழைய இரட்டை எஞ்சினில்
ஒரே கையால் ஆறு ஆடு மேய்த்தோம்.
இதில் நீ என்ன படிப்பாய்?"

என்னிடம் வங்கிக் கடன் இருந்தது,
மணிக்கணக்குக்குக் கட்ட.
பதில் இருக்கவில்லை.

இரத்மலானை. காலை ஆறு நாற்பது.
அத்திடியச் சதுப்பிலிருந்து எழும்பிய கொக்குகள்
ஓடுபாதையைக் கடந்து முடியட்டும் என்று
இரண்டு எஞ்சினும் உறுமக் காத்திருந்தோம்.
பக்கத்து இருக்கையில் மிஹிரி,
என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
என் பயிற்றுநர்,
சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

பிறகு காலி வீதி,
ஒரு சிவப்பு பஸ்,
தண்டவாளம்,
கடல்.

மூவாயிரம் அடி. கல்கிசை பின்னால் போய்விட்டது.
திரை முழுக்கப் பச்சைக் கோடுகள்,
பள்ளிக்கூட முற்றம்போல் ஒழுங்காக.
"வரைபடத்தில் பாணந்துறையைக் காட்டுங்க."
தேடினேன்.
தேடிய நேரத்தில் அவள் கை
வலது நெம்புகோலைப் பின்னால் இழுத்திருந்தது.

மூக்கு வலப்பக்கம் வழுக்கியது,
சந்தையில் பிள்ளை கையை உதறிப் போவதுபோல்.
வாய்ப்பாடு எனக்குத் தெரியும்:
எந்தக் கால் சும்மா இருக்கிறதோ
அந்தப் பக்கத்து எஞ்சின் செத்தது.
இடது காலால் மிதித்தேன்.
தொடை நடுங்கியது.
வலது கால் விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தது.
"வலது" என்றேன்.
அவள் தலையசைக்க, ஆளியை அணைத்தேன்.
விசிறி தானே அலகைத் திருப்பி
காற்றுக்கு விளிம்பு காட்டி நின்றது.
ஒரு அலகில் பூச்சி அடிபட்ட கறை.
இவ்வளவுதானா என்றிருந்தது.
குரூஸ் சொன்னது சரியோ என்றும்.

இறங்கிய பிறகு மிஹிரி
நகமளவு கார்டு ஒன்றைக் கழற்றி
மடிக்கணினியில் செருகினாள்.
என் காலை அது அளப்பதில்லை,
மூக்கு எங்கே போனது என்று மட்டும் எழுதும்.
ஒரு கோடு தொப்பென்று விழுந்தது: வலது எஞ்சின்.
இன்னொரு கோடு சாய்ந்தது,
சாய்ந்தது,
இன்னும் சாய்ந்தது,
அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தது.

"எத்தனை செக்கன் எடுத்தீங்க?"
"ஒன்று. கூடினால் ஒன்றரை."
அவள் திரையில் விரலை வைத்தாள்.
நாலு.

கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்
ஒன்று என்று.
பழைய விமானமாய் இருந்திருந்தால்
அந்த நாலு செக்கனையும்
ஆறு நெம்புகோலின் அமளிக்குள் ஒளித்திருப்பேன்.
கை ஓடிக்கொண்டிருக்கும்,
கை ஓடுவதையே யோசிப்பதாக நம்பியிருப்பேன்.
இங்கே கைக்கு வேலை இல்லை.
நான் திகைத்து நின்றது
மழைக்குப் பிறகு சுவரில் தெரியும் வெடிப்புப்போல்
அப்படியே தெரிந்தது.

எண்பத்திரண்டு நொட் வேகம், நாலு செக்கன்:
ஏறக்குறைய நூற்று எழுபது மீற்றர்.
மூவாயிரம் அடியில் அது வெறும் கோடு.
"சில்லு எழும்பின கையோடு,
காலி வீதிக்கு மேலே என்றால்..."
மிஹிரி வசனத்தை முடிக்கவில்லை.
மடிக்கணினியை மூடினாள்.
"நாளைக்கும் இதே நேரம்.
எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன்."

நூறாம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.
தெஹிவளைப் பாலத்தில் ஒரு ஓட்டோவுக்காக
சாரதி சட்டென்று வலப்பக்கம் வெட்டினான்.
என் இடது கால் பஸ்ஸின் தகரத்தை ஓங்கி மிதித்தது.
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
மன்னிப்புக் கேட்டேன்.
எத்தனை செக்கன் எடுத்தேன் என்று பார்க்க
இங்கே கார்டு இல்லை.